வாத்தியார்களைக் கொண்டாடும் நாடக மரபு: கொங்கு நாட்டுக் கிளை

தமிழ் இசை நாடகத்தில் பாட்டை எழுதுபவரும், அதை மெட்டில் அமைப்பவரும், நடிகருக்குப் பாடிக் காட்டிப் பழக்குபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தார். ‘வாத்தியார்’ என்று நாடக உலகம் அழைத்த அவரை ஆண்டுதோறும் நினைவுகூரும் வழக்கம் இரு வடிவங்களில் நிலைபெற்றுள்ளது. சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அவர் மறைந்த நவம்பர் 13ஆம் நாளை ஒட்டி நாடக நடிகர்கள் குருபூசை நடத்துகின்றனர்; உடுமலை நாராயணகவிக்கு அவர் பிறந்த செப்டம்பர் 25ஆம் நாளில் உடுமலைப்பேட்டையிலுள்ள மணிமண்டபத்தில் மாலை அணிவித்து விழா எடுக்கின்றனர்.

இவ்விருவரும் ஒரே மரபில் வந்தவர்கள். 1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். அங்கு அவரோடு ஒருசாலை மாணாக்கராக இருந்தவர் உடுமலை சரபம் முத்துச்சாமிக் கவிராயர். அந்தக் கவிராயரின் மாணவராக நாடகத்துக்குள் வந்தவரே, 1899இல் உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள பூளவாடியில் பிறந்த நாராயணசாமி. பிற்காலத்தில் உடுமலை நாராயணகவி என்று தமிழகம் அறிந்தவர். கும்மியும் பொய்க்கால் குதிரையும் ஊர்த் திருவிழாக்களில் ஆடப்பட்ட கொங்குச் சிற்றூரிலிருந்து வந்த அவருக்கு, நாட்டார் சந்தமும் புலவர் மரபின் யாப்பும் சேர்ந்தே வாய்த்தன.

அக்கால நாடக ஆசிரியர் ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாக இசை அமைக்கவில்லை. கீர்த்தனை, காவடிச்சிந்து, பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த இந்துஸ்தானி இசை ஆகியவற்றிலிருந்து மக்கள் காதில் முன்பே பதிந்த மெட்டுகளை எடுத்து, கதையின் கட்டத்துக்குப் பொருந்தும் சொற்களை அவற்றில் ஏற்றினார். இவ்வாறு எடுத்தாளப்படும் மெட்டுக்கு ‘வர்ணமெட்டு’ என்று பெயர். அக்கால நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும், அவற்றோடு மூலப்பாட்டின் முதலடியும் அச்சிடப்பட்டிருக்கும்; அதைப் பார்த்த மாத்திரத்தில் நடிகரும் ஆர்மோனியக்காரரும் பாடத் தொடங்கிவிடலாம்.

குருபூசை ஏன் நடிகர்களின் விழாவாக வளர்ந்தது என்பதற்கு இந்த ஏற்பாடே விடை தருகிறது. ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் முறையில் நிலையான குழு கிடையாது. நாயகனாக நடிக்கும் ராஜபார்ட்டும், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட்டும், நகைச்சுவை நடிகரான பபூனும், பக்கவாத்தியக்காரர்களும் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக ஒப்பந்தமாகி வந்து, ஒத்திகை ஏதுமின்றி, கோயில் திருவிழா மேடையில் விடிய விடிய ‘வள்ளி திருமண’த்தை நடத்தி முடிக்கின்றனர். முன்பின் சேர்ந்து நடித்திராதவர்களையும் ஒரே இரவில் ஒரு குழுவாக்குவது சுவாமிகளின் பாடமும் பாட்டும்தான். அவர் படத்தை வணங்குகிற நடிகர், தம் தொழிலின் அடித்தளத்தையே வணங்குகிறார்.

1918இல் மதுரையில் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, சிறுவர்களுக்கு ஆட்டமும் பாட்டும் கற்பித்த ‘பாய்ஸ் கம்பெனி’ வகையைச் சேர்ந்தது. அதில் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் ஆசானின் புகழைத் தம் வாழ்நாள் பணியாகக் கருதினர். 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டி, நலிந்துவந்த கலைக்குப் பொதுமதிப்பைத் தேடித் தந்தவர்களும் அவர்களே. அக்காலத்தில் கோவையின் படப்பிடிப்பு நிலையங்கள் நாடகக் கலைஞர்களுக்குப் புதிய களமாகியிருந்தன. மேடையில் புகழ்பெற்ற எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ ஆகிய படங்கள் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானவை. ‘வேலைக்காரி’, ‘நல்லதம்பி’ முதலிய படங்களுக்குப் பாட்டெழுதிய நாராயணகவியும், மேடையில் கற்ற எளிய சொல்லையும் சந்தத்தையும் திரைக்குக் கொண்டுசென்று, பகுத்தறிவுக் கருத்துகளைப் பாமரரும் முணுமுணுக்கும் பாட்டாக்கினார்.

ஆகவே, அவரைப் பூசையால் அன்றிப் பிறந்தநாள் விழாவால் நினைப்பது அவர் கொள்கைக்கு இசைந்ததே. ஆனால் இரு வடிவங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. குருபூசை கொண்டாடும் நடிகர் மறுநாள் மேடையேறி ஆசானின் பாட்டையே பாடுகிறார்; பிறந்தநாள் விழாவோ மாலையோடும் உரையோடும் நின்றுவிடக்கூடியது. பாட்டு வாத்தியாருக்குச் செய்யும் முதல் மரியாதை அவர் பாட்டைப் பாடுவதே. உடுமலையிலும் கோவையிலும் பள்ளிப் பிள்ளைகள் நாராயணகவியின் பாட்டுகளை மெட்டோடு கற்று, செப்டம்பர் 25ஆம் நாளில் பலரறியப் பாடும் வழக்கம் வேரூன்றினால், பழனியில் தொடங்கிய அந்த ஆசிரிய மரபு கொங்கு நாட்டில் மேலும் ஒரு தலைமுறைக்கு நீளும்.