டெவில்ஸ் டவர் உச்சியில் ஆறு நாட்கள்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், வயோமிங் ராஜ்யத்தின் வடகிழக்கு மூலையில், பைன் மரங்களும் புல்வெளிகளும் சூழ, தன்னந்தனியாக 867 அடி எழும்பி நிற்கும் ஒரு பாறைத் தூணுக்கு டெவில்ஸ் டவர் என்று பெயர். பூமியின் உள்ளிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு, மண்ணுக்குள்ளேயே குளிர்ந்து இறுகி, இறுகுகையில் நெடுக வெடித்துக் கோணங்களுடைய கல் தூண்களாகப் பிரிந்து, மேலே மூடியிருந்த மண்ணை நீரும் காற்றும் யுகம் யுகமாக அரித்துச் சென்ற பிறகு வெளிப்பட்டது என்பர் சாஸ்திரக்ஞர். லக்கோட்டா, ஷையன், கையோவா முதலிய ஆதிகுடிகளுக்கோ அது கரடியோடு சம்பந்தப்பட்ட புனித ஸ்தலம். கரடிகள் துரத்தி வர, ஏழு சிறுமியர் ஒரு சிறு பாறைமேல் ஏறிப் பிரார்த்திக்க, பாறை வானளாவ வளர்ந்து அவர்களை நட்சத்திரங்களிடம் சேர்த்தது என்றும், கல்லில் நெடுகக் காணும் கோடுகள் அந்தக் கரடிகளின் நகக் கீறல்களே என்றும் கையோவா மக்கள் சொல்லி வருகிறார்கள். நாம் கார்த்திகை என்று போற்றும் நட்சத்திரக் கூட்டமே அந்தச் சிறுமியர். 1906-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இந்தப் பாறையை அந்நாட்டின் முதல் தேசிய நினைவுச் சின்னமாகப் பிரகடனம் செய்தார்.

இப்பாறையின்மேல் மனிதர் ஏறிய சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, ஏறியவர்களின் கதையைவிடக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் கதையே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. 1893-ல் வில்லியம் ராஜர்ஸ், வில்லார்ட் ரிப்ளி என்ற இரண்டு உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள், கல் தூண்களுக்கு இடையே ஓடிய ஒரு வெடிப்பில் மர முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, 350 அடி நீள ஏணி ஒன்றைச் சமைத்தார்கள். பிறகு விளம்பரத் துண்டுகள் அச்சிட்டு, ஜூலை 4-ம் தேதியாகிய சுதந்திர தினத்தன்று உச்சியில் கொடி ஏற்றப்போவதாக அறிவித்தார்கள். அந்தப் பிரதேசத்துக்கு, குதிரையிலும் வண்டியிலும் ஆயிரம் பேருக்கு மேல் வந்து கூடினார்கள். ராஜர்ஸ் ஏறினார், கொடி பறந்தது, காற்றில் அது அறுந்து கீழே விழுந்ததும் துண்டு துண்டாகக் கிழித்து ஞாபகார்த்தமாக விற்கப்பட்டது. இரண்டு வருஷங்களுக்குப் பின் அதே தினத்தில் ராஜர்ஸின் மனைவியும் ஏறி, உச்சியை அடைந்த முதல் பெண்மணி என்ற கீர்த்தியைப் பெற்றார். ஆதிகுடிகள் தலை வணங்கிய ஸ்தலம் இவ்விதம் ஒரே தலைமுறைக்குள் திருவிழாத் திடலாக மாறிற்று. அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை என்பதை நினைக்கும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை.

மர ஏணியின் துணையின்றி, கயிறும் ஆணியும் கொண்டு மலையேறும் வித்தையைக் கற்றவர்கள் அங்கே வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். 1937 ஜூன் 28-ல் பிரிட்ஸ் வீஸ்னர் என்பவர் இரண்டு நண்பர்களோடு ஏறினார். அடுத்த ஆண்டில் ஜாக் டுரன்ஸ் என்ற இளைஞர் ஒரு துணைவருடன் புதிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்த இரண்டாவது பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1941 அக்டோபர் 1-ம் தேதி காலையில், பாராசூட் மூலம் குதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஜார்ஜ் ஹாப்கின்ஸ் என்பவர், விமானத்திலிருந்து குதித்து, ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் பரப்பேயுள்ள அந்த உச்சியில் கால் பதித்தார். அவரைத் தூண்டியவற்றுள் ஐம்பது டாலர் பந்தயம் ஒன்று. அருகிலுள்ள ராபிட் நகரத்தில் தாம் நடத்தவிருந்த பாராசூட் காட்சிக்கு விளம்பரம் தேடும் எண்ணம் மற்றொன்று. தேசியப் பூங்கா இலாகாவின் அனுமதியை அவர் பெறவில்லை. இறங்குவதற்கென்று 1,000 அடி நீளமுள்ள கயிறு ஒன்றையும், அதைக் கட்டுவதற்குப் பாறையில் அடித்து நிறுத்த ஒரு மோட்டார் வண்டியின் இரும்பு அச்சையும் விமானத்திலிருந்து போடச் செய்திருந்தார். ஆனால் கயிற்று மூட்டை உச்சியில் தங்காமல் உருண்டு, எட்டாத ஒரு விளிம்பில் போய்ச் சிக்கிக்கொண்டது. பிறகு போடப்பட்ட வேறு கயிறும் பிரிக்க முடியாத சிக்கலாகி உபயோகமற்றுப் போயிற்று. அரை நாள் வேடிக்கையாக முடிய வேண்டிய காரியம், மழையிலும் குளிர்காற்றிலும் ஆறு நாள் சிறைவாசமாக நீண்டது. விமானங்கள் உணவையும் கம்பளிகளையும் போட்டுவிட்டுச் சென்றன.

அந்த நாட்களில் உலகம் இருந்த நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஜெர்மானியப் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டு, மாஸ்கோவை நோக்கிப் பெருந்தாக்குதல் தொடங்கிய வாரம் அது. அமெரிக்கா யுத்தத்தில் பிரவேசிக்க இன்னும் இரண்டு மாதங்களே இருந்தன. லட்சக்கணக்கானோர் மடியும் செய்திகளுக்கு இடையே, ஒரு பாறையின் உச்சியில் அகப்பட்ட தனி மனிதன் ஒருவனைப் பற்றிய செய்தியையும் பத்திரிகைகள் நாடெங்கும் பரப்பின. ஜனங்கள் அதை ஆவலோடு படித்தார்கள். இதை அற்ப புத்தி என்று தள்ளிவிட நான் ஒப்பமாட்டேன். எண்ணிக்கையாக வரும் துயரத்தின் முன் மனித மனம் செயலற்று நிற்கிறது. ஒருவனுடைய துயரத்தையோ அது தன்னுடையதாகப் பாவித்து, எப்படிக் காப்பாற்றலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த யோசனைகள்தான் எத்தனை! பூங்காவின் பொறுப்பாளரான நியூவெல் ஜாயினருக்குக் கடிதங்களும் தந்திகளும் வந்து குவிந்தன. குட்இயர் கம்பெனி தன் ஆகாயக் கப்பலை அனுப்ப முன்வந்தது. அப்போதுதான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் ஒன்றைத் தருவதாகக் கடற்படை கூறிற்று. அந்தச் சில நாட்களுக்குள் சுமார் 7,000 பேர் நேரில் வந்து, கழுத்து நோக மேலே பார்த்தபடி நின்றார்கள்.

அனுமதியின்றித் தானாக வரவழைத்துக்கொண்ட ஆபத்திலிருந்து ஒருவனை மீட்க மற்றவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா என்ற கேள்வி, இம்மாதிரி சம்பவங்கள் நிகழும் எல்லாத் தேசங்களிலும் எல்லாக் காலங்களிலும் எழுவதுதான். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் காவலர் எர்னஸ்ட் பீல்டும், வாரன் கொரல் என்ற வழிகாட்டியும் முதலில் வந்து ஏற முயன்று, பாறையின் கடுமையைக் கண்டு திரும்ப நேர்ந்தபோது, அந்த ஐம்பது டாலர் பந்தயத்துக்கு எத்தனை உயிர்கள் ஈடாகுமோ என்ற அச்சம் கீழே நின்றவர்களுக்கு உண்டாகியிருந்தால் அதில் வியப்பில்லை.

அப்போதுதான், கிழக்குக் கோடியிலுள்ள டார்ட்மத் கல்லூரியிலிருந்து, 1938-ல் புதிய வழி கண்ட அதே ஜாக் டுரன்ஸ், தாம் வருவதாகத் தெரிவித்தார். விமானப் பிரயாணத்துக்கு வானிலை இடங்கொடாமையால் ரயிலிலும் மோட்டாரிலுமாக விரைந்து, 5-ம் தேதி நள்ளிரவில் வந்து சேர்ந்தார். டீட்டன் மலைகளிலிருந்து பால் பெட்ஸோல்ட் என்ற மலையேறியும் வந்தார்.

இவர்கள் வந்ததன் பொருளை உணர, இரண்டு வருஷம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1939-ல் வீஸ்னர் தலைமையில் காரகோரத்தின் கே-2 சிகரத்துக்குச் சென்ற கோஷ்டியில் டுரன்ஸ் இருந்தார். ஹாப்கின்ஸை மீட்க வந்த சாப்பல் கிரான்மர் என்பவரும் இருந்தார். அந்தப் பிரயாணத்தில் டட்லி உல்ப் என்ற செல்வந்தர், இறங்கும் சக்தியின்றி மேல் முகாமில் தனியே தங்கிவிட்டார். அவரைத் தேடிச் சென்ற ஷெர்ப்பாக்கள் ஒரு முறை அவரை அடைந்தும், அன்று அவர் வர மறுத்தமையால் கீழ் முகாமுக்குத் திரும்பினார்கள். மறுபடியும் அவரை அழைத்துவரப் புறப்பட்ட பஸாங் கிகூலி, பஸாங் கிதார், பின்ஸூ ஆகிய மூவரும் உல்பும் திரும்பவே இல்லை. பெட்ஸோல்டும் 1938-ல் அதே சிகரத்தில் 26,000 அடி வரை ஏறிவந்தவரே. மீட்கப் போகிறவனும் மடியக்கூடும் என்பதை டுரன்ஸும் கிரான்மரும் ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர். கூட வாழ்ந்தவர்களைப் பறிகொடுத்து அறிந்தவர்கள். அத்தகையவர்கள், தாங்கள் முன்பின் கண்டிராத ஒரு பந்தயக்காரனுக்காக அழைப்புக்குக் காத்திராமல் புறப்பட்டு வந்தார்கள் என்பதே இச்சரித்திரத்தில் எனக்கு மிகவும் உயர்ந்த பகுதியாகப் படுகிறது. அந்த மனிதன் மீட்கப்படத் தகுந்தவன்தானா என்று அவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

அக்டோபர் 6-ம் தேதி டுரன்ஸ் முன்னே செல்ல, எண்மர் கயிற்றால் பிணைந்து ஏறினார்கள். முளையடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, ஈரமும் குளிரும் படிந்த கல்லில் அடி அடியாக முன்னேறி, பிற்பகலில் உச்சியை அடைந்தார்கள். ஹாப்கின்ஸ் தேகத்திலும் மனத்திலும் சோர்வின்றியே இருந்தார். மலையேற்றப் பயிற்சி இல்லாத அவரைக் கயிற்றில் கட்டி இறக்கி, இருட்டிய பிறகு ஒருவருக்கும் பெரிய சேதமின்றி அடிவாரம் சேர்த்தார்கள். இரண்டு மாதங்களில் யுத்தம் அமெரிக்காவையும் இழுத்துக்கொண்டது. டெவில்ஸ் டவர் பத்திரிகைகளிலிருந்து மறைந்தது.

பெட்ஸோல்ட் 1965-ல் வனவெளி வாழ்க்கையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை வயோமிங்கிலேயே ஸ்தாபித்தார், டுரன்ஸ் வைத்தியரானார். ஆதிகுடிகளின் குரலுக்கு அரசாங்கம் செவிசாய்க்க இன்னும் வெகுகாலம் பிடித்தது. அவர்களுடைய சடங்குகள் பல நடைபெறும் ஜூன் மாதத்தில் ஏறாதிருக்கும்படி பூங்கா இலாகா 1995 முதல் கேட்டுக்கொண்டு வருகிறது. கட்டாயமில்லாத அந்த வேண்டுகோளை மலையேறுவோரில் பெரும்பாலோர் மதித்து நடக்கிறார்கள். டெவில்ஸ் டவர் என்றதும் பாராசூட்டில் குதித்தவரின் கதையைத்தான் இன்றும் பிரஸ்தாபிக்கிறார்கள். ஆனால் மற்ற மாதங்களில் உச்சிக்குச் செல்பவர்களுள் மிகப் பலர், அன்று மீட்புக்கு உதவிய பழைய பாதையிலேயே போகிறார்கள். அதற்கு வழங்கும் பெயர் டுரன்ஸ் வழி.