ஆள், ஆளுமை, ஆளாக்குதல்

"ஆளுமைக் கோளாறாக இருக்கலாம்" என்று மனநல மருத்துவர் ஒரு தாயிடம் சொல்லும்போது, அந்த 'இருக்கலாம்' அவர் காதில் ஏறுவதில்லை. காய்ச்சல், கொதிப்பு, சர்க்கரை என்றால் உடம்பிலே ஒன்று என்று ஆறுதல் கொள்ளலாம். இந்தப் பெயரோ ஆளையே சுட்டுகிறது. பிள்ளை வளர்ப்பவருக்கு அது இன்னும் உறைக்கும். ஆகவே, சொற்பிரியர்களே, அந்தப் பெயரைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

'ஆள்' பெயராக நின்றால் மனிதர். வினையாக நின்றால் ஆட்சி செய். ஒரே ஒலிக்குள் ஏவுபவரும் ஏவப்படுபவரும் குடியிருக்கிறார்கள்: ஒருபுறம் ஆண்டவன், மறுபுறம் கூலியாள். சிவன் முதியவராக வந்து சுந்தரரை மணப்பந்தலில் மறித்து நீட்டிய ஆளோலை அடிமைச் சீட்டு. அதன் முடிவில் நடந்ததையோ ஆட்கொள்ளுதல் என்று போற்றுகிறோம். வள்ளுவர் விடாமுயற்சிக்கு அதிகாரம் வகுத்தபோது அதற்கு வைத்த பெயர் ஆள்வினையுடைமை. இந்தச் சுற்றத்தில் பிறந்த 'ஆளுமை' ஆளும் தன்மையைக் குறித்த சொல். உளவியலைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது, ஒருவரின் எண்ணம், உணர்வு, பழக்கம், பிறரோடு பழகும் விதம் யாவும் சேர்ந்த முழு வார்ப்புக்கு அதையே அமர்த்திக்கொண்டார்கள். இன்று விழா மேடையில் 'பன்முக ஆளுமை' என்று பொன்னாடை போர்த்துகிறோம். மருத்துவமனைச் சீட்டில் அதே சொல் நோய்ப்பெயரின் முற்பாதி. பிள்ளை வளர்க்கும் பாடு முழுவதற்கும் தமிழ் வைத்திருக்கும் ஒற்றைச் சொல்லும் இந்த வேரில்தான் நிற்கிறது: ஆளாக்குதல்.

மேலைச் சொல்லின் வழி வேறு. இலத்தீன் 'பெர்சோனா' நாடக முகமூடி, பிறகு அதை அணிந்தவர் ஏற்ற பாத்திரம், பிறகு ஆள். முகமூடி வழியே குரல் 'ஊடுருவி ஒலிப்பதால்' அப்பெயர் வந்தது என்று உரோமானியர்களே ஒரு பெயர்க்காரணம் சொன்னார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஒலித்தலைக் குறிக்கும் வினையில் 'ஒ' குறில், பெர்சோனாவில் 'ஓ' நெடில் என்பதால் அறிஞர் பலர் அதை ஏற்பதில்லை. தர்க்கூனியாவின் எத்துருசுக்கக் கல்லறை ஓவியம் ஒன்றில் முகமூடி அணிந்த உருவத்தின் அருகே 'பெர்சு' என்று எழுதியிருப்பதைக் காட்டி, வேர் அங்கே இருக்கலாம் என்பார்கள். குறில் நெடிலைக் கொண்டு பொருள் பிரிக்கப் பழகிய நமக்கு அந்த வழக்கின் சுவை உடனே பிடிபடும்.

அதே பெர்சோனாதான் இலத்தீன் இலக்கணத்தில் மூவிடத்துக்கும் பெயர். நம் இலக்கணம் நான், நாம் என்னும் இடத்துக்கு வைத்த பெயரோ 'தன்மை'. இயல்புக்கும் அதே சொல். நான் என்று சொல்லும் இடமும், நான் எப்படிப்பட்ட ஆள் என்பதும் ஒன்றே போல் நிற்கும் அழகு வேறெங்கே கிடைக்கும்!

இனி ஒரு வீட்டுக்குள் போவோம். எட்டு வயதுப் பையன் சோற்று டப்பாவைச் சரியாக மூடவில்லை. புத்தகப் பையெல்லாம் ரசம். தாய் எறிந்த டப்பா சுவரில் மோதித் தெறிக்கிறது. கால்மணி நேரம் கழித்து அதே தாய் அவன் காலடியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே நோட்டின் பக்கங்களைத் துணியால் ஒற்றி எடுக்கிறாள். கேட்டால் இரண்டே வாக்கியம் சொல்வாள்: "அந்த நேரத்துல நான் நானா இல்ல." "என் வசத்துல நான் இல்ல." முதலாவது தன்மை நழுவியதைச் சொல்கிறது, இரண்டாவது ஆட்சி நழுவியதை. ஒரு நாள் இப்படி நடப்பது கோளாறு ஆகாது. இளமை தொட்டுப் பல ஆண்டுகளாக, பல உறவுகளில், இதே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறதா என்றுதான் மருத்துவர் பார்ப்பார்.

'கோளாறு' வண்டிக்கும் வயிற்றுக்கும் மின்மாற்றிக்கும் சொல்வது. சரிசெய்யக்கூடியது என்ற நம்பிக்கை அதன் உள்ளேயே இருக்கிறது. (கோள்களின் தீங்கை அறுப்பதற்குச் சம்பந்தர் பாடியது கோளறு பதிகம், ஓர் எழுத்தை நீட்டிக் 'கோளாறு பதிகம்' என்று அச்சிடுபவர்களை என்ன செய்வது?) பழைய மேலைப் பெயர்களோடு ஒப்பிட்டால் 'கோளாறு' எவ்வளவோ மேல். 1835-இல் ஆங்கிலேய மருத்துவர் பிரிச்சார்டு வைத்த பெயரைத் தமிழாக்கினால் 'அறப்பித்து'. 1891-இல் செருமானியர் கோக் எழுதியதை 'உளவழித் தாழ்வு' எனலாம். இரண்டிலும் மருத்துவத்தைவிடத் தீர்ப்பின் வாடை அதிகம்.

அந்த வீட்டுத் தாய்க்கு மருத்துவர் சொல்லக்கூடிய வகைப்பெயர் 'எல்லைநிலை'. உளநரம்பு நோய்க்கும் மனப்பிறழ்வுக்கும் நடுவே நின்ற நோயாளிகளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல், 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்னும் உளப்பகுப்பாய்வாளர் ஆண்ட சொல் அது. எல்லை, வகுப்பவருடைய பட்டியலில் இருந்தது. பெயர் மட்டும் நோயாளியின் தலையில் ஏறி, 1980-இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் நிலைபெற்றது. உலக நலவாழ்வு அமைப்பு 2022 சனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதினோராம் நோய்ப்பட்டியலோ பழைய வகைப்பெயர்களைக் கழற்றிவிட்டு, இலேசு, நடுத்தரம், கடுமை என்று அளவை மட்டும் முதன்மையாக்கியது; எல்லைநிலை அங்கே விரும்பினால் சேர்க்கும் அடைமொழி. கோளாறு என்ற அளவை எட்டாத 'ஆளுமை இடர்ப்பாடு' என்பதற்கும் அதில் இடம் உண்டு.

வீட்டில் இவற்றுக்கெல்லாம் ஒரே சொல், குணம். வடமொழி தந்ததுதான், ஆனால் "அவ குணமே அப்படி" என்று கைகழுவும் அதே வாய், "காய்ச்சல் குணமாயிடுச்சு" என்றும் சொல்கிறது. இயல்புக்கும் நலம் பெறுவதற்கும் ஒரே சொல்லை வைத்து, முரண் என்றே உணராமல் புழங்குகிறோம். மருத்துவ ஆய்வு இரண்டாம் பொருளின் பக்கம் நிற்கிறது. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் மேரி சானரீனி 290 எல்லைநிலை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பத்தாண்டுக்குள் மிகப் பெரும்பாலோரிடம் அறிகுறிகள் தணிந்தன. இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினெஹன், இளமையில் தாமும் இத்தகைய துயரில் மருத்துவமனையில் கிடந்ததை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சிகிச்சை கற்றுக்கொடுப்பது கொந்தளிப்பைத் தாங்குதல், உணர்வை நெறிப்படுத்துதல் போன்ற பயிற்சிகள். பழந்தமிழில் சொன்னால் ஆள்வினை.

"டாக்டரிடம் போனால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ?" என்ற அச்சத்துக்கும் ஓரளவு பதில் உண்டு. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல நிலையத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது. தாயின் நோயால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்றோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்றோ மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். நோய்ப்பெயர் ஒன்று இருப்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடுவதில்லை என்றும் அச்சட்டம் சொல்கிறது; அதற்கு நீதிமன்றத்தின் அறிவிப்பு வேண்டும்.

14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைத்தாலும், மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போனாலும், நோய்ப்பெயரைக் கொண்டுபோக வேண்டியதில்லை. எத்தனை ஆண்டாக, யார் யாரிடம், டப்பா பறந்தபோது பையன் எங்கே நின்றான், அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொன்னால் போதும். பெயர் வைப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.