வெளிச்சத்தைக் கொண்டு எடை பார்த்தவர்

சூரியனைத் தராசில் வைக்க முடியாது. அப்படியென்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் சேர்ந்திருக்கும் ஒரு கொத்தை எப்படி எடை போடுவது? 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா கொத்தை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தார். சுவிஸ் நாட்டவரான அவர் அப்போது கலிபோர்னியாவில் பணியாற்றினார்.

முதல் வழி வெளிச்சம். தெரு விளக்கை நினைச்சுப் பாருங்க. தூரம் இரண்டு மடங்கானால், நம்மை வந்து சேரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான். ஆகவே தூரம் தெரிந்தால், ஒரு கேலக்ஸியின் உண்மையான பிரகாசத்தைக் கணக்கிடலாம். அதிலிருந்து அதன் நிறையை மதிப்பிடலாம்.

இரண்டாவது வழி வேகம். அந்தக் கேலக்ஸிகளின் வேகங்கள் நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேல் வேறுபட்டன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் கொத்து எப்போதோ சிதறிப் போயிருக்கும். சுமார் 400 மடங்கு பொருள் தேவை என்றது அவர் கணக்கு. அந்த மிச்சத்தை ‘இருண்ட பொருள்’ என்றார்.

அக்காலத் தூர அளவுகள் பிழையானவை. அதனால் 400 என்ற எண் பின்னர் வெகுவாகக் குறைந்தது. ஆனால் இடைவெளி மறையவில்லை. இருந்தும் பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970-களில் வேரா ரூபின் கேலக்ஸிகளின் சுழற்சியை அளந்த பிறகுதான் பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒன்று கேளுங்கள்: “இரண்டு கணக்கும் ஒத்துப்போகலன்னா, உடனே ஒண்ண அழிச்சிடலாமா?”