கட்டுமரம் ஏறிப் போன சொற்கள்

“ஏதாவது எழுதிக் கொடுங்க சார்” என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஆங்கில வகுப்புதான், அதையே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஆங்கிலம் என்றாலே நடுங்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். பெரும்பாலும் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். “இது நமக்கு வராது சார்” என்பார்கள். அதனால் முதல் வாரம் இலக்கணத்தைத் தொடமாட்டேன். கேட்டமரன், செரூட், மல்லிகட்டானி என்று மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதுவேன்.

1697-இல் வெளியான தம் கடற்பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, சோழமண்டலக் கரையில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிடும் ஓடத்தைக் ‘கேட்டமரன்’ என்றே குறித்திருக்கிறார். நம் கட்டுமரம்தான். ஆனால் இன்று அந்தச் சொல்லுக்கு உலகெங்கும் இரட்டை உடல் படகு என்று பொருள். 1876-இல் நதானியேல் ஹெர்ரஷாஃப் என்ற அமெரிக்கர் அப்படி ஒரு படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி எல்லாரையும் முந்தினார். இதென்ன படகா என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தது தனிக் கதை. அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் மட்டும் நம்முடையது.

மல்லிகட்டானி நம் மிளகுத்தண்ணி. கவனியுங்கள், ‘தண்ணீர்’ அல்ல, ‘தண்ணி’. வெள்ளைக்காரர் புலவரிடம் போய்க் கேட்கவில்லை, அடுப்படியில் கேட்டார்! ரசத்தில் கறியைப் போட்டு சூப் ஆக்கிக்கொண்டார்கள். சென்னை மாகாண ஆங்கிலேயருக்கு இந்தச் சூப்பை வைத்தே ‘மல்’ என்று கேலிப்பெயரும் வந்தது. சுருட்டு செரூட் ஆனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ என்று சொல்லிவிடுகிறார்.

இவ்வளவு கேட்டதும் பசங்களுக்குத் தலைகால் புரியாது. “கேஷ் கூட நம்ம காசுதானே சார்?” என்பார்கள். இங்கே பிரேக் போடுவேன். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று சென்னையில் கும்பெனி கணக்கெழுதிய காலத்தில், அந்தச் சிறு நாணயத்தை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றது உண்மை. அது போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போன நம் காசுதான். ஆனால் ரொக்கம் என்னும் பொருளில் வரும் ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஓசை ஒத்துப்போனால் போதாது. யார் வழியாக, எப்போது போனது என்று காட்ட வேண்டும். மேடையில் கைதட்டல் வாங்குவது வேறு, சொல்லாராய்ச்சி வேறு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், யூல் என்பவருடன் சேர்ந்து இப்படி ஒவ்வொரு சொல்லாகத் தடம் பார்த்துத் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886-இல் வந்தது. பர்னல் அதைப் பார்க்கவில்லை, 1882-லேயே காலமாகிவிட்டார்.

நான் பலகையில் எழுதாமல் விட்ட சொல் ஒன்று உண்டு. ஒரு மாணவன் அகராதியோடு எழுந்து அதைக் கேட்டான்: “பரையா.” இங்குள்ள ஒரு சமூகத்தின் பெயரை எடுத்துப்போய், ‘எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன்’ என்று பொருள் எழுதி வைத்த சொல். 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தின் த சேன் பியர் தம் கதையில் அப்படி ஒருவரை நல்ல மனிதராகத்தான் படைத்தார். பிறகு 1821-இல் பாரிஸில் அதே பெயரில் நாடகமும் வந்தது. அனுதாபத்தோடு போன சொல்லும் வசையாகவே ஊன்றிவிட்டது. ஒதுக்கப்பட்ட நாட்டைக் குறிக்க இன்றும் ‘பரையா ஸ்டேட்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன.

“கட்டுமரத்துக்குப் பெருமைப்படச் சொன்னீங்க சார், இதுக்கு என்ன செய்யறது?” என்றான். அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, செய்தித்தாள் வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, அந்தச் சொல் இல்லாமல் எழுதச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வாக்கியம் வந்தது. அவனுடையதுதான் சுருக்கமாக இருந்தது. அதைப் பலகையில் எழுதினேன்; அடுத்த பீரியடுக்குக் கணக்கு சார் வந்து அழிக்கும்வரை அங்கேயே இருந்தது.