81 கரணங்களும் ஒரு எம்பெக் கோப்பும்

படத்தை வேகமா ஓட்டினா வீடியோ, அவ்வளவுதானேன்னு நினைக்கிறவங்களுக்காக இந்தப் பதிவு. முதல்ல கொஞ்சம் கணக்கு.

பிஎம்பி ஒரு வெகுளி. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அப்படியே எழுதி வைக்கும், புள்ளிக்கு 3 பைட். அதுவும் பெரும்பாலும் கீழ் வரிசையிலேர்ந்து மேலே, கொத்தனார் சுவர் எழுப்புற மாதிரி. 352x288 அளவுப் படம் ஒண்ணுக்கு 3 லட்சம் பைட். நொடிக்கு 25 படம்னா 76 லட்சம். 650 எம்பி சிடி ஒண்ணரை நிமிஷத்துல நிரம்பிடும்!

1993-ல் வந்த எம்பெக்-1, அதே சிடியில் 74 நிமிஷம் படம் காட்டுச்சு. நம்ம வீட்டுக் கல்யாண விசிடி எல்லாம் இதுதான். எப்படி? அப்பப்போ ஒரு முழுப்படம். நடுவுல வர்றதுக்கெல்லாம் மாறினது மட்டும். கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைத் தூக்கிப் போட்டுடும்.

இனி தஞ்சாவூர். 1010 வாக்கில் ராஜராஜன் முடிச்ச பெரிய கோயில். விமானத்தின் மேல்தளத்து உள்சுவரில் சிவன் ஆடும் 81 கரணங்கள் வரிசையா இருக்கு. நாட்டிய சாஸ்திரம் சொல்றது 108. மீதி 27-க்கான கல் வெறுமையா நிக்குது.

கரணம்னா நிக்கிற கோலம் இல்லை, கையும் காலும் சேர்ந்த அசைவுன்னு ஆய்வு செஞ்சு, ஆடியும் காட்டினவர் பத்மா சுப்ரமணியம். அப்போ சிற்பி செதுக்கினது அசைவிலிருந்து ஒரே ஒரு முழுப்படம். நடுவுல உள்ளதெல்லாம் ஆடுறவங்க உடம்புல இருந்துச்சு. சிதம்பரம் கோபுரத்துல சிற்பத்தோட சுலோகத்தையும் வெட்டி வச்சாங்க. பிரிச்சுப் படிக்கிற சூத்திரம் கூடவே இருக்கு. தஞ்சையில அந்த எழுத்து இல்லை.

வித்தியாசம் சேதாரத்துலதான் தெரியும். சுருக்காத பிஎம்பியில் ஒரு பைட் கெட்டா பெரும்பாலும் ஒரு புள்ளிதான் போகும். கல்லுல மூக்கு உடைஞ்சாலும் மீதி சிவன் அப்படியே இருக்கிற மாதிரி. எம்பெக்ல முழுப்படம் கெட்டா, அதை நம்பி வர்றதெல்லாம் கட்டம் கட்டமா சிதறும், அடுத்த முழுப்படம் வர்ற வரைக்கும். குரு-சிஷ்யப் பரம்பரையில ஒரு கண்ணி அறுந்தாலும் இதே கதிதான். ஆனா அங்கே அடுத்த முழுப்படம் தானா வராது.

சுருக்கி வச்சது பிழைக்கணும்னா பிரிக்கத் தெரிஞ்சவங்களும் பிழைக்கணும். ஆயிரம் வருஷம் தாங்கினது கல்லு. ஆட்டத்தை ஆளுங்கதான் தாங்கணும். பரண்ல கிடக்கிற கல்யாண விசிடியை, படிக்கிற டிரைவ் கிடைக்கும்போதே நகல் எடுத்து வச்சுடுங்க மக்களே.