பழுதுகளால் வளர்ந்த பாத்திரம் கழுவும் இயந்திரம்

மேனாட்டு வீடுகளில் பாத்திரம் கழுவும் இயந்திரம் தகராறு செய்யத் தொடங்கினால், வீட்டார் காணும் குறைகள் பெரும்பாலும் மூன்றே. தட்டுகளில் உணவுத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது கண்ணாடிக் குவளைகளின்மேல் வெண்படலம் படிந்திருக்கும். அல்லது வேலை முடிந்த பின்னும் அடியில் அழுக்கு நீர் தேங்கி நிற்கும். இவை நேற்று முளைத்த குறைகள் அல்ல. இவற்றோடு போராடியவர்களின் வரலாறே இந்த இயந்திரத்தின் வரலாறு என்று சொல்லிவிடலாம்.

1850ஆம் ஆண்டில் ஜோயல் ஹௌட்டன் என்னும் அமெரிக்கர் இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது ஒரு மரத்தொட்டி. கையால் சுழற்றும் சக்கரம் ஒன்று நீரைப் பாத்திரங்களின்மேல் வாரி இறைக்கும். பாத்திரங்கள் நனைந்தன, தூய்மையாகவில்லை. 1860களில் எல்.ஏ. அலெக்சாண்டர் என்பவர் பாத்திரங்களையே தொட்டி நீருக்குள் சுழல வைத்துப் பார்த்தார். அதுவும் பெரிதாகப் பயன்படவில்லை. காரணம் எளிது. தட்டில் ஒட்டிய எண்ணெய்ப் பசையை அகற்ற நீர் பட்டால் மட்டும் போதாது. நீரில் சூடு வேண்டும், வேகம் வேண்டும், பசையைக் கரைத்துப் பிரிக்கும் வேதிப்பொருளும் வேண்டும்.

வேகத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி. இல்லினாய் மாநிலத்துச் செல்பிவில் நகரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் செல்வக் குடும்பத்தினர். வேலைக்காரர்கள் கழுவும்போது அவருடைய விலையுயர்ந்த பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைந்தன என்றும், அதனால் வெறுப்புற்று இயந்திரம் செய்ய முனைந்தார் என்றும் கதை சொல்வார்கள். இது இருக்கட்டும். 1883இல் கணவர் இறந்தபோது அவருக்கு எஞ்சியது பெருங்கடன். அப்போது அவருக்கு வயது 44. பொழுதுபோக்காக எழுந்த எண்ணம் பிழைப்புக்கு வழியாக மாறியது அதன் பிறகுதான் என்பதே என் கருத்து. ஜார்ஜ் பட்டர்ஸ் என்னும் மெக்கானிக்கின் துணையோடு, வீட்டின் பின்புறக் கொட்டகையில் இயந்திரத்தை உருவாக்கினார்.

முதலில் தட்டு, கோப்பை, சாசர் ஆகியவற்றை அளந்து, ஒவ்வொன்றும் அசையாமல் நிற்கும்படி கம்பி அறைகள் செய்தார். அவற்றைச் செம்புக் கொப்பரைக்குள் கிடையான சக்கரத்தில் பொருத்தினார். அடியிலிருந்து சூடான சோப்பு நீர் பீறிட்டுப் பாத்திரங்களைத் தாக்கியது. 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை கிடைத்தது. சிகாகோவின் பாமர் ஹவுஸ் முதலிய பெரிய ஓட்டல்கள் வாங்கின. 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசும் பெற்றார். ஆனால், எந்த இல்லத்தரசிகளை எண்ணிச் செய்தாரோ அவர்கள் வாங்கவில்லை. விலை அதிகம்; அத்தனை வெந்நீர் தரும் கொதிகலனும் வீடுகளில் இல்லை. 1913இல் அவர் மறைந்தார். அவருடைய நிறுவனம் 1926இல் ஹோபார்ட் நிறுவனத்தோடு சேர்ந்தது.

இதற்கிடையே 1924இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹோவர்டு லிவன்ஸ் வீட்டுக்கு ஏற்ற சிறிய இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். (முதல் உலகப்போரில் நச்சுவாயுக் குண்டுகளை வீசும் கருவியைச் செய்தவரும் இவரே!) முன்பக்கக் கதவு, கம்பித் தட்டு, சுழலும் தெளிப்பான் ஆகியவை இன்றைய இயந்திரங்களிலும் காண்பவையே. இன்றைய தெளிப்புக் கையைச் சுற்றத் தனி மோட்டார் கிடையாது. சாய்வான துளைகளின் வழியே நீர் ஒரு பக்கம் பாய, கை எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த மாணவருக்கு இது புதிதல்ல. ஆகவே தட்டு அழுக்காகவே வந்தால் முதலில் ஐயுற வேண்டியது மோட்டாரை அன்று, அந்தத் துளைகளை. துணுக்கோ சுண்ணாம்போ அடைத்திருந்தால் தள்ளுவிசை குறையும், கை நின்றுவிடும். கையைக் கழற்றி, பல்குத்தும் குச்சியால் துளைகளைத் திறந்தாலே பல இயந்திரங்கள் பிழைத்துக்கொள்ளும். நீண்ட கரண்டி ஒன்று குறுக்கே நின்று கையைத் தடுப்பதும் உண்டு. இதற்காக மெக்கானிக்கை அழைத்துப் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ!

இனி வெண்படலம். கடின நீரைச் சூடாக்கினால் அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சோப்பும் கால்சியத்தோடு கூடித் திரிந்துபோகிறது. 1930களில் அமெரிக்காவில் கொதிகலன் நீருக்காக ஆராயப்பட்ட சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட், கால்சியத்தைப் பிடித்து நீரிலேயே நிறுத்திவைத்தது. கால்கான் என்ற பெயரில் விற்கப்பட்டது இதுவே. பிறகு பாஸ்பேட் கலந்த, நுரைக்காத தூள்கள் வந்தன. நுரை இங்கே பகை: பம்பு நீருக்குப் பதில் காற்றை இழுக்க, தெளிப்பின் வேகம் விழுந்துவிடும். கையால் கழுவும் சோப்பை இதில் ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். பாஸ்பேட்டும் நிலைக்கவில்லை. அது ஏரிகளில் கலந்து பாசியைப் பெருக்கியதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் வீட்டு இயந்திரத் தூள்களில் அதை மிகவும் கட்டுப்படுத்தியது. படிந்த சுண்ணாம்பைச் சிட்ரிக் அமிலம் கரைக்கும்.

நீர் தேங்கினால், மின் இணைப்பைப் பிடுங்கி, நீர்க்குழாயையும் மூடிய பின்னரே கையை உள்ளே விட வேண்டும். அடிச் சல்லடையில் சோறும் எலும்புத் துண்டும் அடைத்திருக்கலாம். வெளியேற்றும் ரப்பர் குழாய் மடங்கியிருக்கலாம். உடைந்த கண்ணாடிச் சில்லு பம்பின் விசிறியில் சிக்கியிருக்கலாம். சில்லைத் துழாவும் விரலுக்கு எச்சரிக்கை தேவை.

துளையையும் சல்லடையையும் தாண்டிய பழுதுக்கு உதிரிப் பாகம் வேண்டும். அது கிடைக்காமல், நல்ல இயந்திரங்கள் குப்பைக்குப் போனதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இதைக் கவனித்தது. ஒரு மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பின்னும், மோட்டார், பம்பு போன்றவற்றைக் குறைந்தது 7 ஆண்டுகள் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். தெளிப்புக் கை, சல்லடை, கதவின் ரப்பர் முதலியவற்றை 10 ஆண்டுகள், வீட்டுக்காரருக்கும் சேர்த்து.