மயக்கத்துக்குப் பின்னா, மயக்கத்தாலா?

1888ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் நாய்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலி கானின் ஆதரவில், ரெசிடென்சியின் அறுவை மருத்துவர் எட்வர்டு லாரி அதை முன்னின்று நடத்தினார். குளோரோஃபார்மால் சாவு நேரும்போது முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்பதே வினா. மூச்சுதான் என்றார் லாரி. லண்டனின் ‘லான்செட்’ இதழ் அதை ஏற்கத் தயங்கவே, மறு ஆண்டு நிஜாமின் செலவில் லாடர் பிரண்டன் லண்டனிலிருந்து வந்து இரண்டாம் ஆணையத்தில் பங்கேற்றார். நூற்றுக்கணக்கான விலங்குகள் பலியான பின் அந்த ஆணையமும் லாரியின் பக்கமே சாய்ந்தது. 1911இல் குட்மன் லெவி பூனைகளில் செய்த சோதனைகள், குளோரோஃபார்ம் இதயத்தையே நேராகத் தடுமாறச் செய்யக்கூடும் என்று காட்டின. ஹைதராபாத்தின் முடிவு வலுவிழந்தது.

அந்த விவாதம் முழுவதும் சாவைப் பற்றியது. மயக்கம் தெளிந்து பிழைத்த உயிரின் நினைவு என்னவாகிறது என்பது அதன் எல்லைக்குள் வரவில்லை.

அவ்வினா வேறிடத்தில் முளைத்திருந்தது. ஹைதராபாத் ஆய்வுக்கு ஓராண்டு முன்பு, 1887இல், லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையின் ஜார்ஜ் சாவேஜ், மயக்க மருந்து பெற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் பின்னர் மனக்கோளாறு தோன்றியதை ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 1955இல், ஆக்ஸ்ஃபோர்டின் பெட்ஃபோர்டு, முழு மயக்கத்தில் அறுவை செய்துகொண்ட 1,193 முதியோரின் வரலாறுகளை ஆராய்ந்தார். அவரை இந்த ஆய்வுக்குத் தூண்டியது குடும்பத்தார் சொன்ன ஒரு குறை: அறுவைக்குப் பிறகு இவர் பழைய ஆளாக இல்லை. பெட்ஃபோர்டு மயக்க மருந்துகளையும், மயக்கத்தின்போது இரத்த அழுத்தம் தாழ்வதையும் ஐயுற்றார். தவிர்க்கவே முடியாதபோது மட்டுமே முதியோருக்கு அறுவை செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

குடும்பத்தார் சொன்னது ‘பிறகு’. மருத்துவம் அதை ‘ஆல்’ என்று கேட்டது. முன்னது காலத்தைக் குறிக்கும் சொல். பின்னது ஏதுப்பொருளில் வரும் மூன்றாம் வேற்றுமை உருபு. ‘மயக்கத்துக்குப் பிறகு மறதி’ என்பதும் ‘மயக்கத்தால் மறதி’ என்பதும் ஒன்றல்ல. முதுமை, நோய், மயக்க மருந்து, கத்தி, வலி, மருத்துவமனையின் அந்நியச் சூழல் எல்லாம் அந்த ஒரு ‘பிறகு’க்குள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. இந்த ஆய்வுத்துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த முடிச்சை அவிழ்க்க முயன்ற வரலாறே.

1998இல் லான்செட்டில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று அதை எண்களால் அணுகியது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,218 நோயாளிகள் அறுவைக்கு முன்னும் பின்னும் நினைவுத் தேர்வுகளுக்கு உட்பட்டனர். ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடமும், மூன்று மாதத்தில் 9.9 விழுக்காட்டினரிடமும் சரிவு காணப்பட்டது. அறுவையே செய்துகொள்ளாத ஒப்பீட்டுக் குழுவில் அவை 3.4, 2.8 விழுக்காடுகளே. சரிவு உண்மை என்பது உறுதியாயிற்று. ஆனால் எதிர்பார்த்த குற்றவாளிகளான ஆக்சிஜன் குறைவும் இரத்த அழுத்தத் தாழ்வும் அதற்குக் காரணமாகத் தென்படவில்லை. மூன்று மாதம் கடந்தும் நீடித்த சரிவோடு தொடர்பு காட்டியது வயது மட்டுமே. 2003இல் வந்த மற்றோர் ஆய்வு 438 முதியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முழு மயக்கமும், மறு பிரிவினருக்கு உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையும் கையாண்டது. மூன்று மாத முடிவில் இரு பிரிவுகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மனிதரிடம் செய்ய அரிதான ஒன்று இங்கே தேவைப்பட்டது. அறுவை ஏதும் இன்றி, ஒரு முதிய உயிருக்கு மயக்கத்தை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு எலி அழைக்கப்பட்டது. எலியால் குறை சொல்ல முடியாது. அதன் குடும்பமும் வந்து சொல்லாது. அதற்குரிய மொழி ஏற்கெனவே உருவாகியிருந்தது. 1976இல் ஓல்டனும் சாமுவெல்சனும் ஒரு நடுமேடையிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலப் பாதைகள் பிரியும் புதிர்வழியை அறிமுகப்படுத்தியிருந்தனர். ஒவ்வொரு பாதையின் முடிவிலும் உணவு இருக்கும். உணவெடுத்த பாதையை நினைவில் வைத்திருக்கும் எலி அங்கே மீண்டும் நுழையாது. அது தவறி நுழையும் ஒவ்வொரு முறையும் ‘மறந்துவிட்டேன்’ என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பாஸ்டனில் கல்லியும் கிராஸ்பியும் அவர்தம் குழுவினரும் 18 மாத வயதான எலிகளுக்கு ஐசோஃப்ளூரேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கொடுத்து 2 மணி நேரம் மயக்கத்தில் வைத்தனர். ஓர் எலிக்கு 18 மாதம் என்பது முதுமையை நெருங்கும் பருவம். அறுவை எதுவும் செய்யப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புதிர்வழியில் விடப்பட்டபோது, மயக்கம் பெறாத எலிகளைவிட அவை கற்பதில் பின்தங்கின. 2004இல் வெளியான இம்முடிவு ‘ஆல்’ என்பதற்கு வலுச் சேர்த்தது.

மூன்றே ஆண்டுகளில் மறுபக்கச் சான்று வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வான், மா, மேஸ் ஆகியோர் வேறு மயக்க மருந்துகளைக் கொண்டு, சில எலிகளுக்கு மயக்கம் மட்டும் தந்தனர். சிலவற்றுக்கு மண்ணீரலையும் நீக்கினர். நினைவு தடுமாறியது அறுவை செய்யப்பட்டவற்றுக்கே. அதுவும் சில நாள்களில் சீரானது. அவற்றின் மூளையில், நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அழற்சியின் அடையாளங்கள் தென்பட்டன. வயிற்றில் பட்ட காயத்தின் செய்தி மூளையை எட்டியிருந்தது. இரு ஆய்வுகளிலும் மருந்து வேறு, எலிகளின் வயது வேறு, தேர்வும் வேறு. ஆகவே ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. ‘பிறகு’க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ‘ஆல்’கள் இருந்தன.

அழற்சி ஒரு வழியெனில், காப்பு மயக்கத்துக்கு முன்பே தொடங்கலாம். ஜப்பானில் கவானோ குழுவினர் முதிய எலிகளை அறுவைக்கு முன் விசாலமான, விளையாடவும் ஆராயவும் பொருள்கள் நிறைந்த கூண்டுகளில் வாழவைத்தனர். வெறுங்கூண்டில் இருந்தவற்றைவிட அவற்றின் நினைவு அறுவைக்குப் பின் நன்கு காக்கப்பட்டதை 2015இல் வெளியிட்டனர். மயக்கத்தோடு தொடர்பில்லாத ஒரு முன்னோடி ஆய்வும் இதே திசையைக் காட்டியிருந்தது. மில்கிராம் குழுவினர் முதிய பீகிள் நாய்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் சேர்ந்த உணவும், உடற்பயிற்சியும், உடனுறையும் துணையும், விளையாட்டுப் பொருள்களும் அளித்தனர். இரண்டையும் சேர்த்துப் பெற்ற நாய்கள் கற்கும் திறனைச் சிறப்பாகத் தக்கவைத்தன என்று 2005இல் அறிவித்தனர்.

2018இல் ஆய்வாளர்கள் கூடிப் பெயரையே மாற்றினர். ‘அறுவைக்குப் பிந்தைய அறிதிறன் குறைபாடு’ என்றிருந்தது ‘அறுவையைச் சூழ்ந்த நரம்பு அறிதிறன் கோளாறுகள்’ ஆயிற்று. ‘பின்’ நீங்கிச் ‘சூழ்’ வந்தது. அறுவைக்கு முன்பே இருந்த சரிவும் இப்போது கணக்கில் சேரும்; முதல் 30 நாள்களின் தடுமாற்றம் நோயாகக் கொள்ளப்படாமல், தாமதமான மீட்சி எனப்படும். ஒரு முன்னொட்டு மாறியதில் ஒரு நூற்றாண்டின் தயக்கம் அடங்கியிருக்கிறது.

இன்று பல் பிடுங்கவோ கட்டி அகற்றவோ ஒரு முதிய வீட்டு நாய் மயக்கத்தில் ஆழ்த்தப்படுகிறது. வயதுக்கேற்ற மருந்தளவு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன், உடல்வெப்பம் ஆகியவற்றின் கண்காணிப்பு, போதிய வலிநீக்கம், தெளிந்ததும் பழகிய முகமும் பழகிய படுக்கையும் என்பவை கால்நடை மருத்துவர் கைக்கொள்ளும் காப்புகள். வீடு திரும்பிய நாய் இரவில் அலைந்தால், கதவின் தவறான பக்கத்தில் நின்றால், வீட்டார் ‘மயக்கத்தால்’ என்பர். அது உண்மையாக இருக்கலாம். முன்பே மெல்லத் தொடங்கியிருந்த முதுமை மறதியாகவும் இருக்கலாம். ஆய்வகத்து எலிக்கு மயக்கம் பெறாத ஓர் இணை இருந்தது. வீட்டு நாய்க்கு அத்தகைய இணை அதன் நேற்றைய நடத்தை ஒன்றே. உறக்கம், உணவு, வழியறிதல், அழைத்தால் திரும்புதல் ஆகியவற்றை அறுவைக்கு முன் ஒரு வாரம் குறித்துவைத்தால், பின்னர் மருத்துவர் முன் வைக்க ஒரு சான்று இருக்கும். மனிதருக்காகக் குடும்பம் பேசியது. நாய்க்காக அந்தக் குறிப்பேடுதான் பேச வேண்டும்.